பருத்திக் கணக்குப் பார்த்த பிள்ளை



நல்ல ஆசிரியரை உருவாக்குவது குடும்பமா, கல்விக்கூடமா? இதுதானே தலைப்பு? எதிரணித் தோழர், "பி.எட். படிக்காம வாத்தியார் ஆக முடியுமா?"ன்னு கேட்டார். முடியாதுங்க, வேலை கிடைக்காது! (சிரிப்பு) நான் கேட்கிறது வேற. அந்த வாத்தியார் யாருக்காகப் பாடம் நடத்துறார்? அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?

அமெரிக்காவிலே மேரி மெக்லியாட் பெத்யூன் என்று ஒரு கறுப்பின அம்மையார். 1875ல் தென் கரோலினாவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். 17 பிள்ளைகள், இவர் 15ஆவது. (இங்கே ரெண்டைக் கட்டி மேய்க்கவே முடியலை, அது வேற கதை!)

அம்மா கூட ஒரு வெள்ளைக்கார வீட்டுக்குப் போன குழந்தை, அங்கே கிடந்த புத்தகத்தைக் கையிலே எடுத்துட்டா. உனக்குப் படிக்கத் தெரியாது, கீழே வை என்று அந்த வீட்டுப் பெண் அதட்டினாள். அந்தச் சொல் தைத்தது. பிறகு பள்ளிக்கூடம் வாய்த்தபோது, தினமும் மைல் கணக்கில் நடந்தே போனார். பகலில் படித்ததை ராத்திரி வீட்டிலே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். எழுத்தறியாத ஊர்ஜனங்கள், பருத்தி எடை போடுகிறவன் சொன்ன கணக்குக்குத் தலையாட்டிட்டு வருவாங்க. அவங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது இந்தப் பிள்ளை.

"கூட்டல் கத்துக் கொடுத்தது பள்ளிக்கூடம்தானே?" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனா அந்தக் கூட்டலை யாருக்காகப் போடணும்ங்கிறது வீட்டிலே தெரிஞ்சது, ஐயா! (கைதட்டல்)

1904ல் புளோரிடாவில் ஒன்றரை டாலரோடு பள்ளி தொடங்கினார். 5 பெண் பிள்ளைகள், கூடத் தன் மகன். சாமான் பெட்டிதான் பெஞ்சு. எரிஞ்ச கட்டைக் கரிதான் பென்சில். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பலகாரம் செய்து விற்றுக் காசு சேர்த்தார். அதுதான் இன்றைய பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகம்.

கறுப்பர் வரலாற்றுக்காக 1915ல் சங்கம் கண்டவர் கார்ட்டர் உட்சன். அவரும் 1875ல் பிறந்தவர், அவருடைய பெற்றோரும் அடிமைகளாக இருந்தவர்களே. அந்தச் சங்கத்துக்கு 1936ல் தலைவரானார் நம்ம அம்மையார். பெத்தவங்க பட்ட பாட்டைப் பாடமாக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத்தானே தோணும்?

நானும் கல்லூரியில் பாடம் நடத்துறவதான். "அப்பா என்ன வேலை?"ன்னு பிள்ளைகளைக் கேட்பேன், படிவம் நிரப்ப. சில பிள்ளைகள் தலையைக் குனிஞ்சுக்கும். நான் எழுதிட்டு அடுத்த பேருக்குப் போயிடுவேன். இந்த அம்மையாரைப் படிச்ச பிறகு அப்படிப் போக முடியலை. "அப்பாவுக்கு நீ என்ன கணக்குப் பார்த்துக் கொடுக்கிறே?"ன்னு கேட்கிறேன். போன வாரம் ஒரு பெண் நிமிர்ந்து...

மணி அடிச்சிட்டீங்களா, நடுவர் ஐயா? சரி, வணக்கம். (கைதட்டல்)