லைனும் லயமும்

(பேராதனையில் நடந்த நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால், ஆங்கிலத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். ஒரு மொழியைப் பத்து நிமிடத்தில் அடக்க முடியாது. ஆகவே நாலே எழுத்துள்ள ஒரு சொல்லை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். 'லைன்' என்பதுதான் அந்தச் சொல்.

இந்தச் சொல்லுக்குப் பூர்வீகம் ஒரு நூல். ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலை லத்தீன்காரர் 'லினியா' என்றார்கள். நாம் உடுத்தும் லினன் துணியின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. அதிலிருந்து கோடு, எல்லை, வரிசை, வரி, பாதை என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருள் ஏறிக்கொண்டது. இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. மேசன் சுவருக்குப் பிடிப்பதும் நூல், நாம் படிப்பதும் நூல். புலியின் உடம்பில் இருப்பதும் வரி, கவிதையில் இருப்பதும் வரி, அரசாங்கம் கேட்பதும் வரி!

நமது கல்லூரி வாழ்க்கையையே இந்த ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். காலைக் கூட்டம் முடிந்து லைனில் வகுப்புக்குப் போனோம். கொப்பியில் லைன் அடித்தோம். நாடகத்தில் லைன் மறந்து திரைக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தோம். வலைப்பந்தாட்டத்தில் லைனுக்கு வெளியே கால் வைத்து விசில் வாங்கினோம். வகுப்பில் கதைத்ததற்கு நூறு லைன் எழுதினோம். இன்று வெளிநாட்டுச் சகோதரிகள் ஒன்லைனில் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிலும், ரொறன்ரோவில் இருப்பவர் கடையில் 'லைனில்' நிற்கிறார், லண்டனில் இருப்பவர் 'கியூவில்' நிற்கிறார். 2022இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் இரண்டு பெயராலும் நின்றவர்கள் நாங்கள்.

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் 'டெட்லைன்' சொல்லித் துரத்தினார்கள் அல்லவா? அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், சிறைமுகாமுக்குள் ஓர் எல்லைக்கோடு இருந்தது. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுடலாம். அந்தக் கோட்டின் பெயர்தான் அது. மலர்க் குழுவினர் அவ்வளவு தூரம் போகவில்லை. நன்றி.

பேராதனைக்கும் ஒரு லைன் உண்டு. கொழும்பிலிருந்து வந்த ரயில் பாதை 1867இல் கண்டியை எட்டியது. பேராதனைச் சந்தியில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு லைன் கண்டி வழியாக மாத்தளைக்குப் போகும். மற்றது நாவலப்பிட்டி, ஹற்றன் ஏறி, 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. கோப்பியையும், பிறகு தேயிலையையும் இறக்குவதற்காகப் போட்ட லைன் அது. அதே லைனில்தான் நம்மில் பலர் தகரப் பெட்டியோடு இந்தக் கல்லூரி போர்டிங்குக்கு இறங்கி வந்தோம்.

அந்த ரயில் லைனின் இரு புறமும் மலைச்சரிவுகளில் இன்னொரு லைன் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். பட்டாளத்துக் கூடாரங்களும் குடிசைகளும் வரிசையாக நிற்பதை ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்றார்கள். டெல்லியில் சிவில் லைன்ஸ் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அந்தப் பட்டாளத்துச் சொல்லையே கோப்பிக் காலத்தில் தொழிலாளர் குடியிருப்புக்கும் வைத்தார்கள். ஒரே கூரை, நடுவில் சுவர்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. 10 அடிக்கு 12 அடி என்பார்கள். முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. காலையில் ஆள் திரட்டும் இடத்துக்கும் 'பரேட்' என்ற பட்டாளத்துச் சொல்தான் கிடைத்தது. அது நம் வாயில் 'பெரட்டு' ஆனது.

லைன் நம் வாயில் 'லயம்' ஆனது. சங்கீதம் படித்தவர்களுக்கு லயம் என்றால் தாளத்தின் ஒழுங்கு, மனம் ஒன்றிப்போதல். அந்த இனிய சொல்லின் உருவத்தை ஒற்றை அறை வரிசை எப்படி வாங்கிக்கொண்டது பாருங்கள்! சிலர் 'லயன்' என்று எழுதுகிறார்கள். கொழும்பில் ஒரு மாணவி 'லயன் அறை' என்பதைச் சிங்கக்கூண்டு என்று மொழிபெயர்த்தாள். சிரித்துவிட்டு, அதற்குச் சரியான ஆங்கிலத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மலேசிய இறப்பர்த் தோட்டத்துத் தமிழரிடமும் இதே லயம் இருக்கிறது. ஒரே சொல், கடலின் இரு பக்கத்திலும் ஒரே மாதிரிக் கூரை.

நான் லயத்தில் பிறந்தவள். போர்டிங்கில் ஊர் எது என்று கேட்டால், எங்களில் பலர் 'ஹற்றன் பக்கம்', 'நாவலப்பிட்டிப் பக்கம்' என்போம். அந்தப் 'பக்கம்' என்ற சொல்லுக்குள் லயத்தை ஒளித்து வைத்திருந்தோம். ஆங்கில வகுப்பில் லைனுக்குப் பத்துப் பொருள் சொல்லத் தெரிந்த பிள்ளைகள், தாங்கள் குடியிருந்த பதினோராவது பொருளைச் சொல்லவில்லை. பாடப்புத்தகத்திலும் அது இருக்கவில்லை.

இது வெறும் சொல்லின் கதை அல்ல. ஒரு வீடு என்றால் அதற்கு இலக்கம் இருக்கும், முகவரி இருக்கும். லயத்துக் குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயரே முகவரி. கடிதம் தோட்டத்துக்கு வரும், அங்கிருந்து ஆள் கைமாறி வரும். ஒரே தோட்டத்தில் மூன்று லெட்சுமி இருந்தால் எந்த லெட்சுமிக்கு? நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து வந்தால், போனது போனதுதான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. நாடு கிடைத்த பிறகும் வீட்டு இலக்கம் பலருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது தனிவீடுகள் எழும்புகின்றன. இன்னும் ஏராளமானோர் லயத்தில்தான் இருக்கிறார்கள். எல்லா லயங்களும் போக வேண்டும், சீக்கிரம் போக வேண்டும். ஆனால் சொல் போகக்கூடாது. மேட்டு லயம், பள்ளத்து லயம், ஒற்றை லயம், இரட்டை லயம், கடைசிக் காம்பரா, பிள்ளைக் காம்பரா: இவை ஒரு சமூகம் தன் இருப்பிடத்துக்குத் தானே வைத்த பெயர்கள். இடம் இடிந்த பிறகு, எழுதி வைக்காவிட்டால் பெயர்களும் மண்ணோடு போய்விடும்.

ஆகவே பழைய மாணவியரிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டில், தோட்டத்தில் வழங்கிய சொற்களை, அம்மாவும் அம்மாயியும் இருக்கும்போதே கேட்டு எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். பத்துச் சொல் என்றாலும் போதும். மற்றது, ஊரில் பதவியில் இருக்கும் சகோதரிகளுக்கு: தோட்டத்துப் பிள்ளையின் விண்ணப்பத்தில் முகவரிக் கட்டம் அரைகுறையாக இருந்தால், அதைத் திருப்பி அனுப்புமுன் அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். கொஞ்ச நேரம் லைனில் இருங்கள்.

நமது கல்லூரிக்கு நூறு வயது. லயத்துப் பிள்ளையையும் பங்களாப் பிள்ளையையும் ஒரே லைனில் நிற்க வைத்த வாசல் இது. வாழ்க நம் கல்லூரி.