நெடுநோயும் இளம் ஆராய்ச்சியாளரும்



1838ஆம் ஆண்டில் லண்டன் மிஷன் சங்கத்தார் தொடங்கிய நெய்யூர் வைத்தியசாலையை இவ்வவையில் அறியாதார் இருக்கமுடியாது. திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஏழை எளியவர்க்குத் தலைமுறை தலைமுறையாகச் சிகிச்சையளித்த இடம் என்று அதனைப் போற்றும் நாம், அங்கே ஆராய்ச்சியும் நடந்தது என்பதைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக்குழுவில் இருந்த வைத்தியர் ஹோவர்ட் சோமர்வெல், அப்பயணம் முடிந்தபின் இந்நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்து, நெய்யூரில் சிகிச்சைக்குக் காத்துக்கிடந்த கூட்டத்தையும் அதனைத் தாங்கமுடியாமல் தாங்கிய வைத்தியரையும் கண்டு, லண்டனில் தமக்கிருந்த உயர்ந்த எதிர்காலத்தைத் துறந்து இங்கேயே ஊழியம் செய்யத் துணிந்தபோது, அவருக்கு வயது முப்பத்திரண்டு.

வயிற்றில் புண்ணோடும் வாயில் புற்றோடும் நாள்தோறும் வந்தவர்களுக்கு அறுவை செய்தும், ரேடியம் வைத்தும் அனுப்பியிருந்தாலே நெய்யூர் வைத்தியர்களுடைய கடமை நிறைவேறியிருக்கும். ஊரார் நன்றியும் குறைந்திராது. ஆயினும், இந்த வியாதிகள் இந்த மக்களை இவ்வளவு மிகுதியாகப் பற்றுவானேன் என்ற கேள்வியை அவர்கள் விடவில்லை. சோமர்வெல்லின் சக வைத்தியரான ஐயன் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு உண்டாகும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். இருவரும் சேர்ந்து குடற்புண்ணைப் பற்றிய தங்கள் ஆராய்ச்சியை 1936இல் வெளியிட்டார்கள். அக்காலத்திலேயே குன்னூரில் மக்கேரிசன் என்னும் ஆராய்ச்சியாளர், திருவிதாங்கூர் ஏழைகளின் ஆகாரத்தை எலிகளுக்கு ஊட்டி, அவற்றின் வயிற்றில் புண் தோன்றுவதைக் கண்டிருந்தார். மரச்சீனிக்கிழங்கையே பிரதான உணவாகக் கொண்ட குடிசையின் அடுப்பு, இவ்விதமாக வைத்திய சாஸ்திரத்தின் விசாரணைக்கு வந்தது.

இக்கேள்விகளுக்கு விடை எவ்வளவு மெல்ல வந்தது என்பதைச் சற்றே நிதானித்துப் பார்க்கவேண்டும். புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தீர்ப்பளித்தது 1985இல். புகையிலை இல்லாத தாம்பூலமும் பாக்கும் அத்தீங்கைச் செய்யும் என்று அது அறிவித்தது 2004இல். குடற்புண்ணுக்கோ ஒரு கிருமி பெருங்காரணம் என்பதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனோடு சேர்ந்து 1982இல் கண்டறிந்த பாரி மார்ஷல், அப்போது பயிற்சி முடியாத இளம் வைத்தியர். மூத்தவர்கள் பலர் அவரை நம்பவில்லை. ஆயினும் கிருமி எங்கும் பரவியிருக்க, புண் மட்டும் சில நாடுகளில் மிகுந்தும் சில நாடுகளில் அருகியும் காணப்படுவதைக் கிருமி ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியாது; ஆகாரத்தைப் பற்றி நெய்யூர் எழுப்பிய ஐயம் இன்னும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை என்பதே என் கருத்து.

நீண்டகால வியாதியின் ஏற்றத்தாழ்வை அறிய நீண்ட காலம் ஓரிடத்தில் தங்கவேண்டும். இதுவே நான் வற்புறுத்த வந்த விஷயம். சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் இன்று நெய்யூர் இருக்கும் நம் மாவட்டத்தில் எல்லா வாசலிலும் நுழைகின்றன. ஆனால் எல்லாரையும் ஒரே விதமாக வருத்துவதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவது பெரும் பேறு. எனினும், தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர் வாரக்கணக்கில் கரை காண்பதில்லை. விடியுமுன் கத்தியெடுத்துச் செல்லும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, ஊழியர் வரும் வேளையில் தோட்டத்தில் இருப்பார். வீட்டில் இல்லாதவர் கணக்கிலும் இல்லாதவராகிறார். அவர் எந்த மாதத்தில் மாத்திரையை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், கால் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எவ்வளவு கடன்பட்டார் என்பதை, ஓராண்டு உதவிப்பணம் பெற்று, ஒருமுறை வினாத்தாளை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடும் மாணவர் எவ்வாறு அறிவார்?

அந்த மாணவர்மீது குறையில்லை. பட்டம் பெற்று, குடும்பத்தின் எதிர்பார்ப்பைச் சுமந்து, அடுத்த ஆண்டு ஜீவனத்துக்கு வழி தெரியாமல் நிற்கும் இருபத்தெட்டு வயதினர், பத்தாண்டில் பலன் தரும் கேள்வியை எடுப்பதற்கு அஞ்சுவது இயல்பே. மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் 2008 முதல் கூடி நடத்திய திட்டத்தில் இளம் ஆராய்ச்சியாளருக்கு ஐந்தாண்டு உபகாரச் சம்பளம் என்று வகுத்தது இந்த அச்சத்தை உணர்ந்த ஏற்பாடு. ஆனால் அத்தகைய உதவி பெருநகர நிறுவனங்களின் வாசலிலேயே நின்றுவிடாமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கும் எட்டவேண்டும். கேள்வி இங்கே இருக்கிறது, கேட்பவரும் இங்கேயே இருப்பது நல்லது.

இளம் ஆராய்ச்சியாளருக்கு உதவிப்பணம் வழங்கும் இவ்வறக்கட்டளையை நிர்வகிப்போரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஐவருக்குப் பகிர்ந்தளிக்கும் தொகையை ஒருவருக்கே ஐந்தாண்டு கொடுங்கள். இம்மாவட்டத்துப் பிள்ளையாக, மீனவர் அல்லது தோட்டத் தொழிலாளர் வீட்டிலிருந்து வந்தவராக இருந்தால் இன்னும் நன்று. சிகிச்சைக்கு வராமல் நின்றுபோனவரைத் தேடிச் செல்லும் பயணச் செலவையும், உடன்வரும் உள்ளூர்க் களப்பணியாளரின் கூலியையும் தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். முதல் இரண்டாண்டுக்குக் கட்டுரை வெளியிடும்படி அவரை நெருக்காதீர்கள்.