மணல் முனையில் ஒரு பகல்

தென்னமெரிக்காவின் கீழ் நுனியை உலகப் படத்தில் நோக்கும் நேயர்கள், அங்கே நிலம் பல தீவுகளாகச் சிதறிக் கிடத்தலைக் காண்பர். அவ்விடத்தில், மகெல்லன் நீரிணையின் கரையில், தென் அகலக்கோடு 53 பாகையளவில் அமைந்த சிலி நாட்டு நகரம் புந்தா அரேனாஸ். ஸ்பானிய மொழியில் அப்பெயருக்கு ‘மணல் முனை’ என்பது பொருள். அந்தாட்டிக்காவையும் பத்தகோனியாவின் பனியாறுகளையும் காணச் செல்லும் உல்லாசக் கப்பல்கள் பல இங்கே தங்குகின்றன. கப்பலேறுமுன்னோ இறங்கிய பின்னோ பயணிகளுக்கு ஒரு பகல் மிச்சமாவதுண்டு. அப்பகலை விடுதி அறையிலே உறங்கிக் கழிப்போர் இழப்பது சிறிதன்று.

1848ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட இந்நகரம், தொடக்கத்தில் குற்றவாளிகளை அனுப்பும் குடியேற்றமாகவும் இருந்தது. பனாமாக் கால்வாய் இல்லாத அக்காலத்தில், அத்திலாந்திக்கிலிருந்து பசுபிக்கிற்குச் சென்ற நீராவிக் கப்பல்கள் இந்நீரிணை வழியே வந்து, இங்கே நிலக்கரி ஏற்றிக்கொண்டன. செம்மறியாட்டுக் கம்பளியும் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. 1914இல் கால்வாய் திறக்கப்படவே, கப்பல்கள் வேறு வழி கொண்டன. எனினும் செல்வர் எழுப்பிய மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் பிரவுன் மெனெந்தெஸ் குடும்பத்தாரின் இல்லம் இப்பொழுது நூதனசாலையாக விளங்குகின்றது.

கால்நடையாகவே நகரைச் சுற்றிவரலாம். கோடையிலே காற்று மிகக் கடுமையாக வீசுமாதலால், நடப்போர் பற்றிக்கொள்ளத் தெருக்களிற் கயிறு கட்டுவதும் உண்டு. சிலுவைக் குன்றின்மேல் ஏறினால், நிறந்தீட்டிய தகரக் கூரைகளும் அவற்றுக்கப்பால் நீரிணையும் தெரியும். அந்தாட்டிக்கக் கடலிலுள்ள யானைத் தீவில் அகப்பட்டுத் தவித்த ஷாக்கிள்டனின் தோழர் 22 பேரை, 1916இல் மீட்டு வந்த ‘யெல்ச்சோ’ என்னும் சிறு கப்பல் வந்தடைந்த துறையும் இதுவே.

நகரின் நடுச் சதுக்கத்தில் மகெல்லனின் சிலை உயர்ந்து நிற்கின்றது. அவர் நீரிணையைக் கடந்த 400ஆம் ஆண்டு நிறைவின் பொருட்டு, ஹொசே மெனெந்தெஸ் என்னும் பண்ணைச் செல்வரின் கொடையால், 1920இல் எழுந்தது அது. பீடத்தின் கீழே பழங்குடி மனிதர் ஒருவரின் வெண்கல உருவம் அமர்ந்திருக்கின்றது. அதன் பாதத்தைத் தொட்டவர் மீண்டும் இந்நகருக்கு வருவர் என்பது நம்பிக்கை. பலர் கைபட்டு அப்பாதம் பொன்போல் மின்னுகின்றது.

தொடுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். நீரிணையின் அக்கரையிலுள்ள தியெரா தெல் புவேகோத் தீவில் செல்க்னாம் மக்கள் வாழ்ந்தனர். குவனாக்கோ என்னும் விலங்கை வேட்டையாடி உண்டனர். ஆட்டுப் பண்ணைகள் அவர்தம் நிலத்தை வேலியிட்டன. பசித்தவர்கள் ஆடுகளைப் பிடித்தபோது, பண்ணையாரின் ஆட்கள் கூலி பெற்று அம்மக்களையே வேட்டையாடினர். எஞ்சியோருள் மிகப் பலர், டோசன் தீவின் சமய நிலையத்திலே நோயுற்று மாண்டனர். ஏறத்தாழ 4000 பேர் என மதிப்பிடப்பட்ட இனத்தவர், அரை நூற்றாண்டுக்குள் நூற்றளவினராய்க் குறைந்தனர்.

2019ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில், மெனெந்தெஸின் மார்பளவுச் சிலையை மக்கள் பெயர்த்தெடுத்து அப்பழங்குடி உருவத்தின் காலடியில் இட்டனர். செல்க்னாம் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் உளர். அவர்களைத் தன் பழங்குடிகளுள் ஓரினமாகச் சிலி நாடு 2023இல் சட்டத்தால் ஏற்றுக்கொண்டது.

ஆகவே மணல் முனையில் ஒரு பகல் பெற்றவர், மாளிகையைக் கண்டபின் சலேசியத் துறவியரின் நூதனசாலைக்கும் செல்வாராக. அம்மக்கள் கையாண்ட பொருள்களை அங்கே காணலாம். அதன் பின்னர்ச் சதுக்கத்துக்கு வந்து அப்பாதத்தைத் தொடுவாராயின், யாருடைய பாதத்தைத் தொடுகின்றோம் என்பதை அறிந்து தொட்டவராவார்.