நடுவில் நிறுத்தப்பட்ட குழந்தை

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: மாற்கு 9:33-37)



தங்களுள் யார் பெரியவர் என்று வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்த சீடர்கள், கப்பர்நாகும் வீட்டில் ஆண்டவர் காரணம் கேட்டதும் வாய் திறக்காமல் நிற்கிறார்கள். இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்துகிறார், அதை அரவணைத்துக்கொள்கிறார். அந்தக் காலத்தில் குழந்தைக்குச் சமூகத்தில் எந்த மதிப்பும் இல்லை. பெரியவர்கள் பேசும் இடத்தில் ஓரத்தில் நிற்க வேண்டிய பிள்ளையை ஆண்டவர் நடுவுக்குக் கொண்டுவந்தார்.

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் இந்த நாள்களில் யார் பெரியவர் என்ற வாதம் நம் வீடுகளிலும் நடக்கிறது. மருத்துவமா, பொறியியலா, எந்தக் கல்லூரி, எவ்வளவு சம்பளம் என்று பேசுகிறோம். அந்தப் பேச்சின் நடுவே நம் மகள் ஒருத்தி, "நான் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகப் போகிறேன்" என்று சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு ஒண்ணாம் வகுப்புக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுக்கவா போகிறாய்?" என்று கேட்டுவிடுகிறோம். மகன் சொன்னால் இன்னும் கடுமையாகக் கேட்கிறோம்.

இந்த மனநிலை புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரிலும் அது இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குப் பெரும்பாலும் வேறு பிழைப்பு கிடைக்காதவர்களே வந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் இல்லை, மதிப்பும் இல்லை. அந்த நகரில் செல்வக் குடும்பத்தில் 1651-இல் பிறந்து குருவானவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ ல சால். பேராலயத்தில் வருமானமுள்ள பதவியும் அவருக்கு இருந்தது. பிள்ளைகள் முன்னேற வேண்டுமானால் முதலில் ஆசிரியர்கள் உருவாக வேண்டும் என்று கண்ட அவர், 1681-இல் அந்த ஆசிரியர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். உறவினர்கள் கொதித்தெழுந்தார்கள்.

அந்த ஆசிரியர்களுக்கோ எதிர்காலம் பற்றிய அச்சம் இருந்தது. கடவுளை நம்புங்கள் என்று அவர் ஆறுதல் சொன்னபோது, உங்களுக்குச் சொத்தும் பதவியும் இருக்கின்றன, பள்ளி மூடப்பட்டால் தெருவில் நிற்பது நாங்கள்தானே என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புனிதர் அதைக் கோபமின்றி ஏற்றார். 1683-இல் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சக் குளிர்காலத்தில் தம் சொத்தை ஏழைகளுக்கு உணவாகப் பகிர்ந்தார். தம் ஆசிரியர்களைப் போலவே தாமும் ஏழையானார். பிறகு, கிராமப் பள்ளிகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ரெய்ம்ஸ் நகரில் ஓர் இல்லம் தொடங்கினார். உலகின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இலத்தீனில் வாசிக்கப் பழக்கிய காலத்தில், பிள்ளை வீட்டில் பேசும் மொழியிலேயே வாசிக்கத் தொடங்கட்டும் என்றார் அவர். 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர்கள் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். அவருடைய பெயர் தாங்கிய லசால் பள்ளி நம் தூத்துக்குடியிலும் இருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, நம் துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகள். அது எளிதான படிப்பு என்று நினைக்கிறோம். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. விடை தவறுதான். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போக யாராலும் முடியும். பயிற்சி பெறும் ஆசிரியரோ குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிக் கண்ணு செய்தாய்?" என்று கேட்கக் கற்றுக்கொள்கிறார். 2-இலிருந்து 7 போகாது, அதனால் 7-இலிருந்து 2-ஐக் கழித்தேன் என்கிறது குழந்தை. அது யோசித்துத்தான் எழுதியிருக்கிறது. உடனே ஆசிரியர் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை எடுக்கிறார். நான்கு கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு. அதில் ஏழு போனால் ஐந்து. மீதமுள்ள மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு. இருபத்தைந்து! குழந்தையின் முகம் மலர்கிறது. குழந்தையை நடுவில் நிறுத்துவது என்றால் இதுதான்.

படிப்பு முடிந்தபின் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுதுகிறார்கள். 150 வினாக்கள், அவற்றில் 30 குழந்தை மேம்பாடு, கற்பித்தல் முறை பற்றியவை. அறிவைத் தேர்வு அளந்துவிடும். ஆனால் கிழிந்த சட்டையோடு வரும் பிள்ளையை, வீட்டுப்பாடம் சொல்லித்தரப் பெற்றோர் இல்லாத பிள்ளையை, ஒன்றுக்கு இருமுறை சொன்னாலும் புரியாத பிள்ளையை ஒருவர் எந்தக் கண்ணோடு பார்க்கிறார் என்பதைத் தேர்வு அளக்காது. கிறிஸ்தவ நிறுவனம் சேர்த்துக் கொடுக்க வேண்டியது அந்தப் பார்வையைத்தான். காலைச் செபமும் சிற்றாலயமும் இருந்தும் கடைசி வரிசைப் பிள்ளையை முட்டாள் என்று திட்டும் ஆசிரியர் அங்கிருந்து வெளியே வந்தால், அந்த நிறுவனத்தின் பெயரில் மட்டுமே கிறிஸ்து இருக்கிறார். எந்தச் சாதி, எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் அதை ஏற்றுக்கொள்பவர் தம்மையே ஏற்றுக்கொள்கிறார் என்றல்லவா ஆண்டவர் சொன்னார்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, ஆசிரியப் பணியை ஓர் அழைத்தல் என்று போற்றுகிறது. அதற்குக் கவனமான தயாரிப்பு வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. அழைத்தல் என்றதும் நாம் குருமடத்தையும் கன்னியர் மடத்தையும் மட்டுமே நினைக்கிறோம். நம் ஊர்களில் கோயிலை ஒட்டியே பள்ளிக்கூடம் எழுந்ததை மறந்துவிடுகிறோம். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தும், மாலையில் செபமும் சொல்லிக்கொடுத்த வேதியர்கள் எத்தனையோ பேர்! நம் தாத்தா பாட்டிகளுள் பலர் கையெழுத்துப் போடக் கற்றது அவர்களிடம்தான்.

இதில் நம் எல்லாருக்கும் பங்கு உண்டு. பெற்றோரே, இந்தப் பணியை விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்; வேறு இடம் கிடைக்கவில்லை என்பதற்காக விருப்பமில்லாத பிள்ளையை இதற்குள் தள்ளவும் செய்யாதீர்கள். இரண்டாலும் துன்பப்படப்போவது குழந்தைகளே. பள்ளிகளை நடத்தும் நாமும் நம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பயிற்சி முடித்த இளையோர் பலர் அரசுப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, மிகக் குறைந்த ஊதியத்துக்குத் தனியார் பள்ளிகளில் வேலை செய்கிறார்கள். இது தொண்டு என்று சொல்லி நியாயமான கூலியைக் குறைக்க நமக்கு உரிமை இல்லை. பிடித்து வைக்கப்பட்ட கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று திருத்தூதர் யாக்கோபு எச்சரிக்கிறார். ரெய்ம்ஸ் நகர ஆசிரியர்கள் கேட்ட கேள்வி இன்று நம்மை நோக்கியும் கேட்கப்படுகிறது.

பயிற்சி பெறும் அன்புத் தம்பி, தங்கைகளே, இரவு விழித்து நீங்கள் வெட்டி ஒட்டும் மின்னட்டைகளையும், எழுதிக் குவிக்கும் பாடக்குறிப்புகளையும் ஆண்டவர் காண்கிறார். ஒரு குழந்தை முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதும் அந்த நேரம் உங்கள் கண்முன் நடக்கப்போகிறது. அது வேறு எந்தப் பணிக்கும் எளிதில் கிடைக்காத பேறு.

மன்றாடுவோம்: சிறு பிள்ளையை அரவணைத்த ஆண்டவரே, ஆசிரியராகத் தங்களைத் தயாரிக்கும் எம் இளையோருக்குப் பொறுமையும் தெளிந்த அறிவும் தாரும். பெரியவர் யார் என்று வாதாடும் எங்கள் நடுவே, இன்றும் ஒரு குழந்தையை நிறுத்தியருளும். ஆமென்.