யூஎஸ்பி கேபிளை இன்டர்நெட் வரைக்கும் நீட்டினா?

ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இன்னைக்கு எபிசோட் உடனே புரியும். டிஜிட்டல் கையெழுத்து போடுற யூஎஸ்பி டோக்கன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சொருகி இருக்கு. நீங்க வீட்ல. ரிட்டர்ன் ஃபைல் பண்ண இன்னைக்குத்தான் கடைசி நாள். என்ன பண்றது?

இதுக்கு யூஎஸ்பி ஐபி-ன்னு ஒரு வழி இருக்கு. ஜப்பான்ல நாரா அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த தகாஹிரோ ஹிரோஃபுச்சியும் அவரோட குழுவும் 2005-ல இதை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. 2014-ல லினக்ஸ் கெர்னல் 3.17-ல சோதனைப் பகுதியிலிருந்து முதன்மைப் பகுதிக்கு வந்துடுச்சு.

விஷயம் ரொம்ப சிம்பிள். யூஎஸ்பி சாதனமும் அதோட டிரைவரும் சின்னச் சின்ன கோரிக்கைகளாத்தான் பேசிக்கும். அந்தக் கோரிக்கைகளை கேபிள்ல அனுப்பாம, டிசிபி பாக்கெட்ல மடிச்சு நெட்வொர்க்ல அனுப்பிடறாங்க. உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரு பொய்யான யூஎஸ்பி போர்ட் உருவாகும். டோக்கன் தன்கிட்டயே சொருகி இருக்குன்னு அந்த கம்ப்யூட்டர் நம்பிடும். வழக்கமான டிரைவரே போதும்.

ஒரு நேரத்துல ஒரு கம்ப்யூட்டர்தான் சாதனத்தை எடுத்துக்க முடியும். வெப்கேம், ஹெட்செட் மாதிரி நேரம் தவறாம டேட்டா வேண்டியதெல்லாம் மெதுவான நெட்ல திக்கும். டோக்கனுக்கு அந்தக் கவலை இல்லை.

கவலை வேற இடத்துல இருக்கு. டோக்கனுக்குள்ள இருக்கிற ரகசியச் சாவி வெளியே வராது. கையில வெச்சிருக்கிறவங்கதான் கையெழுத்து போட முடியும். அதோட பலமே அதுதான். ஆனா யூஎஸ்பி ஐபி நெறிமுறையில யூசர்நேம், பாஸ்வேர்டு கிடையாது, என்கிரிப்ஷனும் கிடையாது. 3240-ங்கிற போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டீங்கன்னா, யார் வேணும்னாலும் டோக்கனை இழுத்துக்கலாம். மிச்சம் இருக்கிற ஒரே பூட்டு பின் நம்பர்தான்.

2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 42-வது பிரிவு, சாவியைத் தன் கட்டுப்பாட்டுல வெச்சுக்கற பொறுப்பை அந்தக் கையெழுத்துக்கு உரியவர்கிட்டயே கொடுக்குது. அதனால கிளையன்ட்டோட டோக்கனை நெட்ல ஏத்தாதீங்க. உங்க சொந்த டோக்கன்னா, வயர்கார்டு விபிஎன் இல்லைன்னா எஸ்எஸ்எச் டனல் வழியா மட்டும் போங்க. வெளியிலிருந்து 3240-க்கு வர்றதை ஃபயர்வால்ல அடைச்சிடுங்க. வேலை முடிஞ்ச உடனே இணைப்பைத் துண்டிச்சிடுங்க.

கேபிள் குட்டையா இருந்ததே ஒரு பாதுகாப்புதான். அதை நீட்டினா, பூட்டை நாமதான் போடணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!