கட்டணம் விதிப்பவர் யார்?



விளைவித்தவன் பயன் காணுமுன் ஏற்றிச் செல்பவன் தன் கூலியை எடுத்துக்கொள்கிறான். அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்துக் கோதுமை உழவர் அன்று பட்ட துயரம் இதுவே. அங்கே புகையிரதப் பாதைகள் பெரும்பாலும் ஒரே கூட்டத்தாரின் கையில் இருந்தன. அவர்கள் விதித்ததே கட்டணம்.

1879 மே 7 இல் மக்கள் தம் வாக்கினால் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றினர். கட்டணத்தை நிர்ணயிக்க, மக்கள் தெரிவு செய்யும் மூவர் கொண்ட ஆணைக்குழு பிறந்தது. ஆனால் நடந்ததென்ன? கடிவாளமிட வந்த குழுவுக்கே கம்பெனி கடிவாளமிட்டது! ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வீணாயின.

கம்பெனியின் அரசியல் ஆதிக்கத்தை ஒழிப்பதாகச் சூளுரைத்த ஹைரம் ஜோன்சன், 1910 இல் ஆளுநராகத் தெரிவானார். 1911 ஒக்டோபர் 10 இல் மக்கள் மீண்டும் வாக்களித்தனர். ஆளுநர் நியமிக்கும் ஐவர் கொண்டதாய், மிகுந்த அதிகாரத்துடன் ஆணைக்குழு திருத்தியமைக்கப்பட்டது. கடமை தவறும் பதவியாளரைத் திருப்பியழைக்கும் உரிமையையும் மக்கள் அன்றே பெற்றனர்.

சட்டம் பயின்ற நாம் ஓர் உண்மையை மறைக்கலாகாது. ஏட்டில் எழுதிய உரிமை தானாக நடவாது. வாக்களிப்பது விதைப்பு, விழித்திருப்பதே வேலி. வேலியற்ற வயலின் விளைச்சல் யாருக்கு என்பதை உழவருக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ?