ஊசி போடும் பிள்ளைக்குத் துணை



சர்க்கரை நோய் பெரியவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் வரும். பெரும்பாலும் அது முதல் வகை. உடம்பில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். ஊசியால்தான் கொடுக்க வேண்டும். மாத்திரை போதாது. பாகற்காய்ச் சாறும் போதாது. மிட்டாய் தின்றதால் வந்த நோய் அல்ல இது. பிள்ளையைத் திட்டாதீர்கள்.

1922 ஜனவரியில் கனடா நாட்டில் லியோனார்டு தாம்சன் என்ற பள்ளி வயதுப் பையனுக்கு முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். மருந்து போதிய அளவு சுத்தமாக இல்லை. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. நிறுத்தினார்கள். ஆனால் கைவிடவில்லை. மருந்தைச் சுத்தம் செய்து, பன்னிரண்டு நாளில் மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. அவன் மேலும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான்.

இன்றும் சில வீடுகளில், "ஊசி போட்டால் பிள்ளைக்கு மயக்கம் வருகிறது" என்று நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய ஆபத்து. ஓரிரு நாளிலேயே வாந்தி வரும், மூச்சு வாங்கும். உயிரே போகலாம்.

மயக்கம் ஏன் வருகிறது? சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடுகிறது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால் இறங்கும். அதிகம் ஓடி விளையாடினால் இறங்கும். அளவு தப்பினாலும் இறங்கும். நம் நாட்டில் இன்சுலின் குப்பி 40, 100 என்று இரண்டு பலத்தில் கிடைக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பி மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். குப்பியில் உள்ள எண்ணை வாசியுங்கள். இப்போதுதான் வாசிக்க முடிகிறதே!

சர்க்கரை இறங்கினால் வியர்க்கும். கை நடுங்கும். பசிக்கும். நெஞ்சு படபடக்கும். காரணம் இல்லாமல் கோபம் வரும். வயசுப் பிள்ளையின் கோபம்தானே என்று விட்டுவிடாதீர்கள். கருவியில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கருவி இல்லையா? சந்தேகம் வந்தாலே கொடுங்கள். 15 நிமிடம் பாருங்கள். தேறாவிட்டால் மறுபடி கொடுங்கள். பிறகு சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

ஒரே இடத்தில் குத்தினால் தோல் தடித்துவிடும். வயிறு, தொடை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் சில வாரம் பார்வை மங்கலாம். பெரும்பாலும் தானே சரியாகும். இளைத்த உடம்பு மறுபடி தேறும். அதைப் பார்த்துக் குண்டாகிவிட்டோம் என்று பயந்து, சில பெண் பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் மருந்தைக் குறைக்கிறார்கள். அதட்டினால் மறைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பள்ளியிலும் சொல்லி வையுங்கள். தேர்வு அறைக்குள் இந்தப் பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுபோக, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இல் அனுமதி தந்தது. புத்தகப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். அது எந்த அறையில் இருக்கிறது என்று பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் தெரியட்டும்.